ஆறு கட்டையில் போன பாட்டு

நீங்கள் அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்துவிட்டேன். உங்கள் கல்லூரிப் பிள்ளைகளின் முதல் மேடை. "எங்க டீம் எப்படி மேம்? எதைச் சரி பண்ணணும்? மறைக்காம சொல்லுங்க" என்று ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்து கேட்டிருக்கிறீர்கள். மறைக்கிற பழக்கம் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ரிதம் பேட் வாசிக்கிற பையன் ரயிலைப் பிடிக்கிறவன் மாதிரி ஓடுகிறான். கீபோர்டுப் பெண் குனிந்த தலை நிமிரவில்லை. நாட்டியமா ஆடச் சொன்னோம், பக்கத்தில் நிற்பவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்? பாடுகிற பையன் மைக்கை விழுங்கிவிடுவானோ என்று பயந்தேன். இதெல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். சாதனங்களைப் பற்றியும் பயிற்சி முறைகளைப் பற்றியும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் வாயைக் கொடுக்கப் போவதில்லை.

நான் மயிலாடுதுறையில் ஒரு கலைக் கல்லூரியில் இசை ஆசிரியையாக இருந்து, மாணவர் இசைக்குழுவைப் பல வருடம் பார்த்துக்கொண்டவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்றும் வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆனால் வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. அது எங்கள் பயிற்சி நேரம். டோலக்கை இழுத்துக் கட்டுகிற சத்தம், ஒயர் எங்கே ஒயர் எங்கே என்று ஒருத்தன் அலைவது, "மேம், இன்னும் ஒரே ஒரு தடவ" என்று கெஞ்சுவது, எல்லாம் வேண்டும் போலிருக்கிறது. ஏக்கம்தான், வேறென்ன. இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ஏக்கம் இருக்கிறது. அபிராமி என்று ஒரு பெண் ஒரு பாட்டைத் தன் சொந்தச் சுதியில் மேடையில் பாடி நான் கேட்க வேண்டும். அது நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் எனக்குப் பாடம் சொன்ன ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இசை படித்தவர் இல்லை. மைக்செட்காரர். எங்கள் குழுவின் நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் அவருடைய சவுண்ட் சர்வீஸ்தான் வரும். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார்.

நான் பொறுப்பேற்ற புதிதில் நன்னிலம் பக்கம் ஒரு ஊரில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சம்பா அறுவடை முடிந்த வயலில் மேடை. அறுத்த நெல் தாள் குத்தும் என்று ஜனங்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பையன் ஒருத்தன் நன்றாகப் பாடிக்கொண்டே வந்தவன், இரண்டாவது சரணத்தில் வரி மறந்து விழித்தான். வாய் திறந்திருக்கிறது, வார்த்தை வரவில்லை. கூட்டம் சிரிக்க ஆரம்பிப்பதற்குள் மைக் செத்துப்போனது. மைக்செட்காரர் மேடைக்கு ஓடி வந்து, வேறு மைக்கை வாங்கி, "எல்லாரும் மன்னிக்கணும்ங்க, நம்ம மைக்குல கோளாறு. தம்பி நல்லா பாடிக்கிட்டு இருந்துச்சு, நான் கெடுத்துட்டேன்" என்று ஒரு கும்பிடு போட்டார். அந்த இடைவெளியில் நான் பையனிடம் வரியைச் சொல்லிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து பாடினான். கைதட்டல் வயலைத் தாண்டிப் போனது.

மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. அவரே அணைத்திருக்கிறார். "ஏங்க, உங்க சர்வீஸுக்குல்ல கெட்ட பேரு?" என்று கேட்டேன்.

"மைக்குக்கு ஏது மேடம் மானம்? புள்ளைங்களுக்கு இருக்குல்ல" என்றார். ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. நல்ல மனுஷர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இனி அபிராமி. தரங்கம்பாடிக்குத் தெற்கே கடலோரத்திலிருந்து முதல் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருகிற பி.காம் மாணவி. அவள் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். குழுவுக்கு ஆள் எடுக்கும்போது கடைசியாக வந்து நின்றாள். நான் நான்கு வரி கேட்டேன், அவள் முழுப் பாட்டையும் பாடிவிட்டு, "நிறுத்தச் சொன்னீங்களா மேம்? எனக்குக் கேக்கல" என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் குரல் இன்னும் பாடாதா என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு குரலுக்கும் சௌகரியமான உயரம் ஒன்று உண்டு. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். அபிராமிக்கு ஐந்து கட்டை. அந்த இடத்தில் அவள் பாடினால் மேல் ஸ்தாயியிலும் குரல் முழுசாக நிற்கும். அதற்கு மேலே ஒரு கட்டை ஏற்றினால் போச்சு, நூல் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். மூன்று வருடப் பழக்கத்தில் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாம் வருடம் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. பி.காம் முடித்ததும் இசைக் கல்லூரியில் சேர வேண்டும். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அந்தச் சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடுகிற நேரம் என்று விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். அப்பா ஓய்வாக இருந்தார். ஒருநாள் கல்லூரிக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை, கையில் மஞ்சள் பை. நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டேன் என்கிறார்.

"எங்களுக்குப் பாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது டீச்சர். பி.காம் முடிச்சா நல்ல வேலைக்குப் போவான்னு நெனச்சோம். இவ பாட்டுதான்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அடுத்த வாரம் தஞ்சாவூர்ல போட்டியாமே?"

"ஆமாங்க. நீங்க அவசியம் வாங்க."

"வர்றேன். இவ யாரு கூட நிக்கிறா, எப்படிப் பாடுறான்னு ஒரு தடவ நேர்ல பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

வராந்தாவில் ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த அபிராமி அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு மட்டும் நல்லா அமைஞ்சிடணும் மேம்" என்றாள். 

போட்டி தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அரங்கத்தில். ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம், இரண்டு பாட்டு. நேரம் தாண்டினாலும், பாட்டை நிறுத்தித் திரும்ப ஆரம்பித்தாலும் மதிப்பெண் குறையும். எங்கள் குழுவில் கீபோர்டு ஹரீஷ், ரிதம் பேடுக்கு ஒருத்தன், டோலக்குக்கு ஒருத்தன். முதல் பாட்டை ஒரு பையன் பாடுவான், இரண்டாவது அபிராமி.

காலையில் ஒரு வகுப்பறையில் ஒத்திகை பார்த்தோம். பையனின் பாட்டு எனக்குச் சப்பென்று இருந்தது. முந்தின நாள் வரை அதே பாட்டு நன்றாகத்தான் இருந்தது. என் பதற்றம், அன்றைக்கு எதுவும் போதவில்லை. "ஹரீஷ், ரெண்டு ஸ்தானம் ஏத்திப் பாரு, எடுப்பா இருக்கும்" என்றேன். அவன் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டுத் தட்டினான். அப்படி இரண்டு தட்டினால் விரல் அதே இடங்களில் ஓடும், சுதி மட்டும் ஒரு கட்டை உயரும். பாட்டு எடுப்பாகத்தான் ஆனது. என் காதை நானே மெச்சிக்கொண்டேன். மேடை ஏறும் அன்று காலையில் எதையாவது மாற்ற உங்களுக்கும் கை அரிக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

அரங்கத்தில் ஒலி அமைப்பு நம் மைக்செட்காரர்தான். வயதாகியிருந்தது. இடது ஓரத்தில் மிக்சர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அபிராமியின் அப்பா வாசல் ஓரத்தில் நின்றார். உட்காரச் சொல்லி ஆள் அனுப்பினேன், வரவில்லை.

முதல் பாட்டு பிரமாதம். கைதட்டல் அடங்குவதற்குள் ஹரீஷ் அவசரமாக அடுத்த பாட்டின் முன்னிசையை எடுத்துவிட்டான். இரண்டு விநாடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டனைத் திருப்பி வைக்கவில்லை. அபிராமியின் பாட்டு ஆறு கட்டையில் போய்க்கொண்டிருந்தது.

பல்லவி கீழேயே சுற்றுகிற பல்லவி, ஒப்பேற்றிவிட்டாள். ஆனால் சரணம் மேல் ஸ்தாயியில் ஏறி அங்கேயே நிற்கும். அதற்கு ஒரு நிமிடம் இருந்தது.

மைக்செட்காரர் என் பக்கம் சாய்ந்தார். "மேடம், சுதி தூக்கிடுச்சுல்ல?"

"ஆமா."

"புள்ள மேல போனா தாங்காது. மைக்க அணைச்சிடவா? நம்ம மைக்குல கோளாறுன்னு ஏறிச் சொல்லிடுறேன். மொதல்லேர்ந்து எடுக்கட்டும்."

அவர் விரல் ஸ்விட்சின் மேல் இருந்தது. நான் தலையை அசைத்தால் போதும். முன்வரிசையில் மூன்று நடுவர்கள். மூன்று பேனாக்களும் முதல் பாட்டுக்கு எழுதி முடித்து, அடுத்ததற்குக் காத்திருந்தன. ஜெயிக்கிற இடத்தில் இருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது. திரும்ப ஆரம்பித்தால் மதிப்பெண் போகும். அது போட்டிக் கணக்கு. அதற்குள் இன்னொன்றும் இருந்தது: நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று பேச்சு வரும், காலையில் பட்டனைத் தட்டச் சொன்னது யார் என்று வரும்.

"வேணாம்ங்க. சமாளிச்சிடுவா" என்றேன்.

நம் தொழிலில் இதைவிட மோசமான வார்த்தை எனக்குத் தெரியாது. தப்பு செய்தது நான். சமாளிக்க வேண்டியது அவளா? என்ன அநியாயம் பாருங்கள். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு நம்பிக்கை வைத்துச் சொன்ன வார்த்தை மாதிரிதான் தோன்றியது.

அவர் விரலை எடுத்துவிட்டார். 

சரணத்தின் முதல் வரியை எட்டிப் பிடித்தாள். இரண்டாவது வரியில் குரல் மெலிந்தது. மூன்றாவதில் உடைந்தது. பின்வரிசையில் யாரோ "ஓ" என்று ஊளையிட்டார்கள். அவள் ஒரு விநாடி நின்று, மிச்சத்தைக் கீழ் ஸ்தாயியில் இறக்கிப் பாடி முடித்தாள். ஹரீஷுக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நடுவர்களின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து வாசல் பக்கம் திரும்பியபோது அவள் அப்பா அங்கே இல்லை. பரிசும் வரவில்லை.

திங்கட்கிழமை விமர்சனக் கூட்டம். மேடை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து வீடியோவைப் போட்டுப் பார்த்து, யார் யார் எங்கே தவறினார்கள் என்று பேசுவது எங்கள் வழக்கம். நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள், செய்யத்தான் வேண்டும். அன்று அந்தச் சரணம் வந்ததும் வீடியோவை நிறுத்தினேன். ஹரீஷ் எழுந்தான். "மேம், அது நான் அந்தப் பட்டன..." என்று ஆரம்பித்தான். "நீ உக்காரு, உன்னது அப்புறம்" என்றேன். பிறகு அபிராமியிடம், எல்லார் முன்னாலும், "மூச்சு போதலம்மா. மேல போறப்ப வயித்துலேர்ந்து எடுக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" என்று கேட்டேன்.

"சரி மேம்" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. பரீட்சை எழுத வந்தாள், எழுதிவிட்டுப் போனாள். அந்த வாரங்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் உங்களுக்கு என் மேல் வெறுப்பு வரலாம். ஆனால் உண்மை. மூச்சுப் பயிற்சி போதாது என்பதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஹரீஷ்தான் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. "மேம், அவங்கப்பா வேணாம்னுட்டாராம். இசைக் கல்லூரிக்கு அப்ளிகேஷனே போடல. நம்மளாலதான் மேம்" என்று சொல்லி அழுதான். நம்மால் என்றான். என்னால் என்று சொல்ல அவனுக்கு மரியாதை இடம் கொடுக்கவில்லை.

மறுநாளே பஸ் ஏறினேன். தடைக்காலம் முடிய இன்னும் நாள் இருந்தது. படகுகள் வரிசையாகக் கிடந்தன. அபிராமியின் அப்பா ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர், வீட்டுக்குப் போவோம்" என்றார். நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன், சுதி, மைக்செட்காரர் கேட்டது, நான் மறுத்தது, கூட்டத்தில் அவள் மேல் பழியைப் போட்டது. "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைங்க. அவ நல்லாத்தான் பாடுறா. படிக்க அனுப்புங்க" என்று கும்பிட்டேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ நல்லா பாடுறாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது டீச்சர். அத நான் பாக்கவும் வரல. எம்புள்ள அங்க மூச்சு முட்டி நிக்கிறா. சுத்தி நாலு பேரு, கீழ நீங்க. ஒருத்தரும் வாத்தியத்த நிறுத்தல. அவ தவிக்கிறது தெரிஞ்சும் வாசிச்சிக்கிட்டே இருந்தீங்க." வலையைக் கீழே போட்டார். "கடல்ல எங்க ஆளு ஒருத்தன் தவறி விழுந்துட்டா, வலை நெறையா மீனு இருந்தாலும் அறுத்து விட்டுட்டுத் திரும்புவோம். உங்க தொழில்ல அந்த வழக்கம் இல்ல போலருக்கு. அங்க எப்படி அனுப்புறது, சொல்லுங்க?"

அவர் பின்னாலேயே நடந்தேன். வீட்டில் அபிராமி டீ கொண்டுவந்து கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேம்" என்றாள். அத்தனை மரியாதையாகச் சொன்னாள்.

நான் ஓய்வு பெறும்வரை இருந்த கொஞ்ச காலத்தில் இரண்டு விஷயங்களை மாற்றினேன். விமர்சனக் கூட்டத்தில் முதலில் பேசுவது ஆசிரியை. தான் செய்த தப்பைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர் தப்புக்குப் போக வேண்டும். சொல்ல ஒன்றுமில்லை என்றால் அன்றைக்குக் கூட்டமே இல்லை. இரண்டாவது, மேடையில் ஒருவர் தவித்தால் குழுவில் யார் வேண்டுமானாலும் வாசிப்பதை நிறுத்தலாம். ஏன் நிறுத்தினாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அப்படி ஒரு தடவை டோலக் பையன் நிறுத்தி, பரிசு கைநழுவிப் போனது. பிள்ளைகள் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்தார்கள். உங்கள் பிள்ளைகளிடம் முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள். ரிதம் பேட் ஓடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அபிராமி இப்போது வேளாங்கண்ணி போகிற வழியில் ஒரு மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பாடுவதில்லை என்று ஹரீஷ் சொன்னான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவள் குரல் கேட்க வேண்டும் என்று தோன்றும்போது அந்த மருத்துவமனைக்கு போன் செய்வேன். "வணக்கம், சொல்லுங்க" என்பாள். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். பெயர் சொன்னதில்லை.

போன வாரமும் செய்தேன். நேரத்தைச் சொன்னவள், "மேம், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத தடவையே தெரியும் மேம். உங்க கொரல் தெரியாதா எனக்கு?"

"உன் குரலக் கேக்கணும் போலருக்கும். அதான்."

அவள் சொன்னாள்: "அன்னைக்குப் பல்லவி பூரா உங்களையேதான் பாத்துக்கிட்டுப் பாடினேன் மேம். நீங்க ஒரு தடவ என்னத் திரும்பிப் பாத்திருந்தாப் போதும், நானே நிறுத்தியிருப்பேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அங்கே யாரோ நோயாளி வந்து நின்றார் போலிருக்கிறது. போனை வைக்காமலே அவள் அந்தப் பக்கம் திரும்பி, "சொல்லுங்க" என்றாள். சுதி சுத்தமாக இருந்தது.